பச்சைக் கதவைக் கண்டு ஒளிந்தவள்

கல்யாணக் காரின் டயருக்குள் இருந்தது ஆணி. இரண்டு அங்குல நீளமான, துருப்பிடித்த ஆணி. டயர் மாற்ற வந்தவர் அதைக் குறட்டால் இழுத்தெடுத்து, உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். ஏறி இரண்டு நாளாவது இருக்கும் என்றும் சொன்னார். கமலேஸ்வரியும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். நின்றுவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை மரக்கறிக் கடையில் வெண்டிக்காயை முறித்து முறித்துப் பார்த்தபடி என்ன சொல்கிறாள்?

"பொம்பிளை வெளிக்கிடேக்க தாலியறுத்த ரெண்டு பேர் தெருவில முன்னுக்கு நிண்டவை. பிறகு கார் எப்பிடிப் போகும்?"

கார் போனது. வேறு டயர் போட்டுக்கொண்டு, முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போதே மண்டபத்து வாசலில் போய் நின்றது. தாலி கட்ட வேண்டிய நேரத்தில் கட்டியும் ஆயிற்று. அதைக் கமலேஸ்வரி சொல்ல மாட்டாள். அதற்கு மேல் இன்னொன்று சொல்கிறாள்: "ஐரிஷ் படத்தில நடிச்சு வெள்ளைக்காரரைச் சிரிக்க வைச்சது காணாதெண்டு, பெத்த பிள்ளையின்ர கலியாணத்திலயும் கூத்தாடிப்போட்டா."

யார், நகுலேஸ்வரியா கூத்தாடினாள்? லண்டன் டூட்டிங்கில் இருபத்தாறு வருடம் இருந்தும், பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தன் குரல் கேட்காமல் வாழ்ந்தவள் அவள். அவளைப் பற்றி இப்படி ஒரு கதை கிளம்பினால் நடந்ததை முதலில் இருந்து சொல்லத்தான் வேண்டும். வெண்டிக்காயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கட்டும்.

நகுலேஸ்வரிக்கு ஐம்பத்தெட்டு வயது. அப்பர் டூட்டிங் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்துக் குசினியில் கிழங்குக்கறி வைத்து ரோல்ஸ் சுற்றுகிறாள். நாளொன்றுக்கு முந்நூறு ரோல்ஸ். முன்னால் நின்று கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி விற்கச் சொல்லி முதலாளி எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தார். "நான் பின்னுக்கே நிக்கிறன் தம்பி" என்றுவிட்டாள். கணவர் பாலேந்திரா மாரடைப்பில் போய்ப் பதின்மூன்று வருடம். மகள் சயந்தினிக்கு அப்போது பதினாறு. அன்று பின்னுக்குப் போனவள்தான்.

நல்ல காரியத்துக்கு வெளிக்கிடுகிறவர் கண்ணில் முதலில் படுகிற முகத்தை முழிவியளம் என்பார்கள். நிறைகுடத்தோடு ஒரு சுமங்கலி வந்தால் நல்லது. கன்னிப்பிள்ளை வந்தால் நல்லது. கணவனை இழந்தவள் மட்டும் எதிரே வந்துவிடக் கூடாது. எத்தனையோ சாமான்களைக் கட்டுநாயக்காவில் விட்டுவிட்டு விமானம் ஏறிய சனம், இதை மட்டும் பத்திரமாகக் கைப்பையில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்துவிட்டது.

ஆனால் ஒன்று. மகளின் கல்யாண நாள்வரைக்கும் நகுலேஸ்வரியைப் பின்னுக்குப் போ என்று யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. கமலேஸ்வரிகூடச் சொன்னதில்லை. சொல்ல யாருக்கும் அவள் நேரம் கொடுத்ததில்லை. யாருடைய வீட்டு விசேஷம் என்றாலும், ஆராத்தித் தட்டு வெளியே வருவதற்கு முன்பே அவள் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கியிருப்பாள். நல்ல மனுசி, தன்னுடைய இடம் தெரிந்தவள் என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அது நல்ல மனது இல்லை, பயம் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சயந்தினியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள் ஆரணி. படங்களுக்குக் கூட்டத்தில் நிற்க ஆள் பிடித்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை. போன வருடம் சித்திரையில் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள்.

"அன்ரி, ஒரே ஒரு நாள். சும்மா நிண்டாக் காணும்."

"எனக்கு நடிக்கத் தெரியாது பிள்ளை."

"நடிக்க வேண்டாம். நிக்கத் தெரியுந்தானே?"

"என்ன படம்?"

"பகிடியான லவ் படம். அயர்லாந்தில ஒரு கிராமத்தில நடக்குது. அந்த ஊர் டொக்டர் எங்கட ஆள். நீங்கள் டொக்டரின்ர அம்மா. வாய் திறக்கத் தேவையில்லை."

"அயர்லாந்துக்கே போறது?"

"இல்லை அன்ரி. இஞ்ச, லண்டனுக்கு வெளியால ஒன்றரை மணித்தியாலம். அயர்லாந்து மாதிரியே செய்து வைச்சிருக்கினம்."

சயந்தினி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "போங்கோ அம்மா. ஒருநாளாவது ரோல்ஸ் சுத்தாமல் இருங்கோ."

போனாள். உண்மையைச் சொன்னால் ஆசையோடுதான் போனாள். நீலப் பட்டுச்சேலையை எடுத்து, மேலே கம்பளிச் சட்டை போட்டு, கைப்பைக்குள் ஆறு ரோல்ஸ் சுற்றி வைத்துக்கொண்டு போனாள்.

தெருப் பலகைகளை எல்லாம் மாற்றி ஐரிஷில் எழுதி வைத்திருந்தார்கள். ஆடுகள் லொறியில் வந்து இறங்கின. அன்று பார்த்து வெயில் கொளுத்தியது. இங்கிலாந்தில் மழைக்குத் தண்ணீர் லொறி பிடித்து, குழாயால் மேலே பீச்சி அடித்ததை அன்றுதான் கண்டாள். கல்மதில் சூழ்ந்த ஒரு சின்ன வீடு. அதற்குப் பச்சைக் கதவு. கல்யாணப் பெண் அந்தக் கதவைத் திறந்துகொண்டு தேவாலயத்துக்குப் புறப்படுவாள். ஊரார் மதிலோரம் நின்று பார்ப்பார்கள். இவ்வளவுதான் காட்சி. படத்தில் அவள் மூன்று தரம் புறப்படுகிறாள். ஒன்று ஒத்திகைக்கு. மற்றது பட்டணத்துப் பணக்காரனைக் கட்டுவதற்கு. அது பாதியில் குழம்பிவிடும். கடைசியில் ஊர் ஆட்டுக்காரனைக் கட்டுவதற்கு.

இயக்குநர் பீற்றர், கம்பளித் தொப்பி போட்ட மரியாதையான மனிதர். நீலச்சேலை பச்சைக் கதவுக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொல்லி, நகுலேஸ்வரியைக் கைபிடித்துக் கொண்டுபோய்க் கதவுக்கு நேர் எதிரே நிறுத்தினார்.

கதவு திறந்தது. வெள்ளைக் கவுணோடு பெண் வெளியே கால் வைத்தாள். நகுலேஸ்வரி பக்கத்தில் நின்ற பெருத்த மனிதருக்குப் பின்னால் போய்விட்டாள். அவர் படத்தில் இறைச்சிக்கடைக்காரர்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் போனாள்.

பொய்க் கல்யாணம் என்று அவளுக்குத் தெரியாதா? பெண்ணின் கவுணை முதுகுப்பக்கம் உடுப்புக் கொழுவும் கிளிப்பால் கவ்வி வைத்திருந்ததையும், இடையிடையே அவள் கிறிஸ்ப்ஸ் தின்றதையும் கண்டுகொண்டுதானே நின்றாள். பொய் ஊர், பொய் மழை, பொய்ப் பெண். ஆனாலும் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் கால் தானாக நகர்ந்தது.

ஆரணி ஓடி வந்தாள். "அன்ரி, ஏன் ஒவ்வொருக்காலும் அங்கால போறீங்கள்?"

"வெயில் கண்ணில குத்துது பிள்ளை."

"அன்ரி, மழை பெய்யுது."

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது? என் முகம் கூடாத முகம், அந்தப் பெட்டை முழிக்கக் கூடாது என்று எந்த வாயால் சொல்வது? "சொறி, சொறி" என்று மட்டும் சொன்னாள். கதவு அன்று பதினொரு தரம் திறந்தது. பதினொரு தரமும் ஒளிந்தாள். பீற்றர் கோபிக்கவில்லை. தானே தேநீர் கொண்டுவந்து கொடுத்தார், தோளில் தட்டினார், கமராக்காரரிடம் போய் ஏதோ குசுகுசுத்தார். குற்ற உணர்வில் அவருக்கு இரண்டு ரோல்ஸ் கொடுத்தாள். தின்றுவிட்டு மூன்றாவதும் கேட்டார். தன்னைப் படத்திலிருந்து வெட்டி எறிந்துவிடுவார்கள் என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வந்தாள்.

தை மாதம் படம் வந்தது. கமலேஸ்வரி, பாலேந்திராவின் ஒன்றுவிட்ட தங்கை. ஆகவே நகுலேஸ்வரிக்கு மச்சாள். "எங்கட மச்சாள் படத்தில வாறா" என்று ஊரெல்லாம் சொல்லி, பதினான்கு பெண்களைச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு ஒரு வரிசை முழுக்கப் பிடித்தாள். எல்லோரும் சேலை. எல்லோருடைய கைப்பையிலும் ரோல்ஸ். நகுலேஸ்வரி படத்தில் கட்டிய அதே நீலச்சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். நடந்ததில் எதை மறந்தாலும், அன்று காலையில் கண்ணாடிக்கு முன் நின்று அந்தச் சேலையின் மடிப்பைத் தான் சரிசெய்ததை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை. அவ்வளவு சந்தோஷப்பட்டிருந்தாளே.

முதல்தரம் பச்சைக் கதவு திறந்தபோது திரையில் நீலச்சேலைக்காரி இறைச்சிக்கடைக்காரருக்குப் பின்னால் நழுவிப் போனாள். இங்கேயும் அங்கேயுமாகச் சிரிப்பு. இரண்டாம் தரம் இறைச்சிக்கடைக்காரர் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தார். பின்னால் நின்றவளும் சேர்ந்து குனிந்தாள். கொட்டகை அதிர்ந்தது. மூன்றாம் தரம், உண்மையான கல்யாணத்துக்குக் கதவு திறக்கும் முன்பே கொட்டகைச் சனம் பெண்ணை விட்டுவிட்டு நீலச்சேலையைத் தேடியது. "அந்தா" என்று யாரோ ஆங்கிலத்தில் கத்த, எல்லோரும் கைதட்டினார்கள்.

வரிசையில் இருந்த பதினான்கு பேரும்தான் சிரித்தார்கள். கமலேஸ்வரிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "மச்சாளுக்கு என்னத்துக்கு நடிப்பு? வீட்டில செய்யிறதைத்தானே செய்யிறா!" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பக்கத்தில் இருந்தவள் சிரிப்பை நிறுத்தினாள். அதற்கு அடுத்தவள் நிறுத்தினாள். அந்தக் கொட்டகையில் அந்த ஒரு வரிசைக்கு மட்டும் தெரியும், அந்த மனுசி ஏன் ஒளிகிறாள் என்று. தெரியாதவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். தெரிந்தவர்கள் திரையையே பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டில் எது கூடுதலாகச் சுட்டது என்று நகுலேஸ்வரிக்குச் சொல்லத் தெரியாது. கையில் இருந்த ரோல்ஸை நசித்துவிட்டாள். உள்ளிருந்த கிழங்கு பிதுங்கி நீலச்சேலையில் ஒட்டியது. அதைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்க வெட்கம்.

கூட வந்திருந்த சயந்தினி சிரிக்கவே இல்லை. நோதேர்ன் லைன் ரயிலில் வீட்டுக்கு வரும்போது போனை எடுத்துத் தாயின் மடியில் வைத்தாள்.

"பட்டமளிப்புப் படம். நீங்கள் இல்லை. வேலை கிடைச்ச அண்டைக்குக் கோயில்ல எடுத்தது. நீங்கள் இல்லை. நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைப் பக்கம் மிதுலன்ர அம்மா நிக்கிறா, கமலேஸ் மாமி நிக்கிறா. நீங்கள் எங்க?"

"குசினியில அலுவல் இருந்தது."

"உங்களுக்குப் போட்டோ பிடிக்காதெண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன் அம்மா."

நகுலேஸ்வரி போனைத் திருப்பி மகளின் கையில் வைத்தாள். நான்கு மாதத்தில் மகளுக்குக் கல்யாணம்.

"அண்டைக்கும் உப்பிடி ஒளிப்பியளோ?"

"கமலேஸ் நிறைகுடத்தோட முன்னுக்கு நிப்பா. அவ சுமங்கலி."

"எனக்கு முன்னால நீங்கள்தான் நிக்கோணும். இல்லாட்டி நான் வெளிக்கிடன்."

"விசர்க்கதை கதையாத. பிறகு உன்ர வாழ்க்கையில ஒரு துரும்பு பிழைச்சாலும் அது என்ர முகத்தாலதான் எண்டு சொல்லுவினம். சொல்லுறவையை விடு. நானே அப்பிடித்தான் நினைப்பன்."

"அந்தப் படத்துப் பொம்பிளைக்கு என்ன நடந்தது? ஆட்டுக்காரனோட நல்லாத்தானே இருக்கிறா."

"நான் ஒளிச்சபடியால்தான் நல்லா இருக்கிறாள்."

சயந்தினி சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அழவும் செய்தாள். எதிரே இருந்தவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்தார். அதன்பிறகு மூன்று கிழமை தாயும் மகளும் சாப்பிட வா, கதவைப் பூட்டு என்பதற்கு மேல் பேசவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்கு வந்ததுதானே.

கடைக்கு வந்தவர்கள் ஒளிகிற அம்மாவைக் காட்டச் சொன்னார்கள். செல்பி கேட்டார்கள். நகுலேஸ்வரி பெரிய ரோட்டை விட்டுவிட்டுப் பின் ஒழுங்கையால் வேலைக்குப் போகத் தொடங்கினாள். ரோல்ஸ் சுற்றும்போது தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சனம் சிரித்தது மட்டும் அவளுடைய வெட்கம் இல்லை. அதற்கு அடியில் பழையது ஒன்று கிடந்தது. மகள் கேட்ட கேள்வி அதைக் கிண்டிவிட்டது.

பதினாறு வருடத்துக்கு முன், சயந்தினி பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. பாலேந்திரா உயிரோடு இருந்தார். மேல்மாடியில் குடியிருந்தவர் ரமா அக்கா. நகுலேஸ்வரி ஷிப்டுக்குப் போன நாட்களில் சயந்தினிக்குச் சோறு ஊட்டி, தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவர். அவருடைய கணவர் இறந்து அப்போது ஆறு மாதம். சடங்கு அன்று தட்டு எடுக்கிற பெண்களோடு அவரும் ஒரு வாழைப்பழத் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார். நகுலேஸ்வரி போய் அந்தத் தட்டை அவருடைய கையிலிருந்து வாங்கினாள். பறிக்கவில்லை. சிரித்துக்கொண்டே, மெதுவாக, "நீங்கள் குசினிக்குள்ள நில்லுங்கோ அக்கா, நான் கூப்பிடுறன்" என்று சொல்லி வாங்கினாள். ரமா அக்கா குசினிக்குள் போய் நின்றார். நகுலேஸ்வரி கூப்பிட மறந்துபோனாள். அடுத்த மாதம் ரமா அக்கா லூயிஷாமுக்கு வீடு மாறிவிட்டார்.

மூன்று வருடத்தில் பாலேந்திரா போனார். அதன்பிறகு எந்த வீட்டு வாசலில் நின்றாலும், எங்கிருந்தோ ஒரு கை மெதுவாக நீண்டு வரும் என்று நகுலேஸ்வரிக்குப் பயம். அது தன்னுடைய கை மாதிரியே இருக்கும் என்றும் தெரியும். அந்தக் கை வர முன்னம்தான் ஓடி ஓடி ஒளிந்தாள்.

கல்யாணக் கார்ட் அச்சடித்து வந்ததும் முதல் கார்டைச் சாமிக்கு வைக்கப் போகிறேன் என்று லூயிஷாம் சிவன் கோவிலுக்குப் போனாள். வெள்ளிக்கிழமைகளில் ரமா அக்கா அங்கே பூக்கட்டுவார் என்று கேள்விப்பட்டிருந்தாள். ரமா அக்கா கார்டை வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"படம் பார்த்தனான்" என்றார்.

"நீங்களுமோ?"

"ரெண்டு தரம். ரெண்டாந்தரம் உன்னைப் பார்க்கவே போனனான். நல்லா ஒளிக்கிறாய் பிள்ளை."

நகுலேஸ்வரி பூக்கூடைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி இருந்துவிட்டாள். "அக்கா, அண்டைக்கு உங்கட கையில இருந்து தட்டை…"

"வாழைப்பழம். ரெண்டு சீப்பு." ரமா அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இப்ப ஏன் அது?"

"மன்னிப்புக் கேக்க எனக்கு முகம் இல்லை."

"பின்னை என்னத்துக்கு வந்தனி?"

"பிள்ளை என்னை வாசலில நிக்கச் சொல்லுறாள். தனிய நிக்க ஏலாது. நீங்கள் வந்து என்னோட நில்லுங்கோ. தட்டு நான் தாறன். முதல் தட்டு."

ரமா அக்கா ஒரு மாலை முழுவதையும் கட்டி முடித்தார். பிறகு சொன்னார்: "உன்ர தட்டு எனக்கு வேண்டாம். வெறுங்கையோட, கையை வீசிக்கொண்டு நிப்பன். சம்மதமெண்டால் சொல்லு, வாறன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நகுலேஸ்வரியும் அதை எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று காலை வீடு நிறையச் சனம். மாடியில் சயந்தினிக்குத் தலை அலங்காரம் முடிந்துவிட்டது. கமலேஸ்வரி நிறைகுடத்தோடு ஆயத்தமாக நின்றாள். ரமா அக்கா மாடிப்படியின் கடைசிப் படியில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நகுலேஸ்வரி முன்கதவை நோக்கி நடந்தாள். கமலேஸ்வரி சிரித்துக்கொண்டே, மெதுவாக, அவளுடைய முழங்கையைப் பிடித்தாள்.

"மச்சாள், நீங்கள் குசினிக்குள்ள நில்லுங்கோ. நான் கூப்பிடுறன்."

பதின்மூன்று வருடத்தில் முதல்தரம் ஒருவர் அதை வாய்விட்டுச் சொன்னார். அதே சிரிப்பு, அதே மெதுவு, அதே சொல். கமலேஸ்வரிக்கு என்ன தெரியும்? நல்லதுக்கென்று நினைத்துத்தான் சொன்னாள். அன்று நகுலேஸ்வரியும் நல்லதுக்கென்றுதானே நினைத்தாள். முகம் காதுவரைக்கும் எரிந்தது. ரமா அக்காவின் பக்கம் பார்க்கவே முடியவில்லை. பழகின கால் திரும்பிவிட்டது. குசினிப் பக்கம் இரண்டு அடியும் வைத்துவிட்டாள்.

ரமா அக்கா கோப்பையைப் படியில் வைத்தார். "நகுலேஸ்," என்று கூப்பிட்டார், "குசினிக்குள்ள அந்த இறைச்சிக்கடைக்காரன் நிக்கிறானோ?"

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினாள். கூடம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் நகுலேஸ்வரி நின்ற இடத்தில் நின்றாள். வெட்கம் போகவில்லை. போகும்வரை காத்திருந்தால் மகள் கிழவியாகிவிடுவாள் என்று தோன்றியது. முழங்கையில் இருந்த கையை மெல்ல எடுத்துவிட்டாள். மாடியில் வளையல் சத்தம் கேட்டது.

"மச்சாள், சொல்லுறதைக் கேளுங்கோ…"

"கேட்டனான்" என்றாள் நகுலேஸ்வரி. நீலநிறக் கதவைத் தானே திறந்துகொண்டு வெளியே போனாள்.

வெளியே ரிப்பன் கட்டிய வெள்ளைக் கார் நின்றது. ஆணி அப்போதே அதன் பின் டயருக்குள் இருந்தது, யாரையும் பார்க்காமல். பக்கத்தில் ஆளுயரத்துக்குக் கவுன்சில் குப்பைத்தொட்டி ஒன்று, ஒளிவதற்கென்றே கொண்டுவந்து வைத்தது போல நின்றது. முழங்கால்கள் அதை நோக்கி இழுத்தன. அவள் கதவுக்கு நேரே, நடைபாதையின் நடுவில் போய் நின்றாள். பின்னாலேயே ரமா அக்கா வந்து, இரண்டு கையையும் வீசிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"நிலத்தைப் பார்க்காத" என்றார்.

நகுலேஸ்வரி கதவைப் பார்த்தாள். உள்ளே படிகளில் பட்டுச்சேலை இறங்கி வருகிற சத்தம் கேட்டது.